உழவன் வருமானமா? ஊரார் குடிநீரா?

(தாம்பரத்தில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில் நடுவர் வழங்கிய தீர்ப்புரை)

 

இரண்டு மணி நேரமாக ஆறு பேர் பேசினார்கள். நான் ஒன்றைக் கவனித்தேன். ஆறு பேரும் தண்ணீரைப் பற்றிப் பேசினார்கள். ஆறு பேரும் நடுநடுவே தண்ணீர் குடித்தார்கள். ஆறு பேரும் குடித்தது மூடி போட்ட பாட்டில் தண்ணீர்! (சிரிப்பு) “எங்க ஊர்க் கிணற்றுத் தண்ணி தேனா இனிக்கும்” என்று முழங்கினாரே நம்ம தம்பி, அவரும் மூடியைத் திருகி, ‘டக்’கென்று சத்தம் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தார். (பலத்த சிரிப்பு)

குறை சொல்லவில்லை அய்யா. எனக்கு முன்னால் இருப்பதும் அதே பாட்டில்தான். ஆனால் ஒரு தலைமுறைக்கு முன்னால் இதே தாம்பரத்தில் ஒரு கூட்டம் நடந்திருந்தால், பித்தளைச் சொம்பில் கிணற்றுத் தண்ணீர் வந்திருக்கும். பேசுகிறவரும் சந்தேகப்படாமல் குடித்திருப்பார். அந்தச் சொம்புக்கும் இந்தப் பாட்டிலுக்கும் நடுவில் என்ன நடந்தது? அதுதான் இன்றைய வழக்கு.

‘உழவன் வருமானமே பெரிது’ என்று ஓர் அணி. ‘ஊரார் குடிநீரே பெரிது’ என்று ஓர் அணி. வாதி பிரதிவாதி இரண்டு பேருமே நல்லவர்களாக இருக்கிற வழக்கில் நடுவருக்குத் தூக்கம் வராது. இன்றைக்கு எனக்கு அந்த நிலைமை.

வருமான அணியின் தலைவர் அம்மா என்ன கேட்டார்? “உரத்தைக் குறைங்கன்னு விவசாயிக்குச் சொல்ல வர்றீங்களே, நெல்லு விலையைக் கூட்டிக் கொடுங்கன்னு ஒருநாளாவது வந்து நின்னீங்களா? விதை விலை ஏறிடுச்சு, கூலி ஏறிடுச்சு, டிராக்டர் வாடகை ஏறிடுச்சு. ஏறாம இருக்கிறது யூரியா விலை ஒண்ணுதான். அதையும் தொடாதேன்னா அவன் எங்கே போவான்?” என்று கேட்டார். அரங்கமே கை தட்டியது. நியாயமான கேள்வி.

குடிநீர் அணியில் நம்ம ஆசிரியைத் தங்கச்சி எழுந்தார். ஒரு புள்ளிவிவரம் சொன்னார். மத்திய நிலத்தடி நீர் வாரியம் 2024 கடைசியில் வெளியிட்ட அறிக்கை. நாடு முழுக்க எடுத்த தண்ணீர் மாதிரிகளில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 மாதிரிகளில் நைட்ரேட் என்கிற உப்பு, அனுமதித்த அளவைத் தாண்டியிருக்கிறது. ராஜஸ்தானில் நூற்றுக்கு 49. கர்நாடகத்தில் 48. அடுத்தது யார்? நாம்தான். தமிழ்நாட்டில் நூற்றுக்கு 37! மார்க் வாங்குவதில் முதல் மூன்று இடத்துக்குள் வருவது நமக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தத் தேர்வில் வந்திருக்க வேண்டாம்.

இந்த நைட்ரேட் என்பது யார்? எங்கிருந்து வருகிறார்? வீட்டில் இருக்கிற தாய்மார்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். நான் தமிழ் வாத்தியார். விஞ்ஞானியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் சொல்கிறேன்.

பயிருக்கு மூன்று சாப்பாடு. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து. தழைச்சத்து என்பதுதான் நைட்ரஜன். யூரியா மூட்டையில் நூற்றுக்கு 46 பங்கு அதுதான். யூரியாவை மண்ணில் போட்டால் முதலில் அம்மோனியமாக மாறும். களிமண் அதை விடாது. மாமியார் கையில் அகப்பட்ட சாவிக்கொத்து மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். (சிரிப்பு) மண்ணில் காற்றோட்டம் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக மாற்றிவிடும். இந்த நைட்ரேட்டை மண் பிடிக்காது. பயிர் குடித்தால் குடித்ததுதான். மிச்சம் இருந்தால், அடுத்த மழைக்கோ அடுத்த பாய்ச்சலுக்கோ கீழே இறங்கிக் கிணற்றுக்குப் போய்விடும்.

நெல் வயலில் தண்ணீர் தேங்கி நிற்பதால் காற்று குறைவு. அங்கே கீழே இறங்குவதைவிட ஆவியாகி மேலே போவது அதிகம். எப்படிப் போனாலும் உழவன் காசு போனது போனதுதான். போட்டதில் பாதிகூடப் பயிருக்குச் சேர்வதில்லை என்கிறார்கள். காய்கறி, பூ, கரும்பு என்று மேட்டுப் பாங்கான நிலத்தில் போடுகிறபோது, அதிலும் மணல் கலந்த மண்ணாக இருந்தால், கிணற்றுக்குள் இறங்குவது அதிகம்.

இறங்கினால் என்ன? நிறம் மாறாது. வாசனை வராது. ருசி தெரியாது. தாய்மார்கள் இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: கொதிக்க வைத்தாலும் போகாது! கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் ஆவியாகும். நைட்ரேட் அப்படியே நிற்கும், இன்னும் கெட்டியாகும். நம் நாட்டுத் தர நிர்ணயம், குடிநீரில் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரைதான் நைட்ரேட் இருக்கலாம் என்கிறது. அதிகமானால் முதலில் ஆபத்து கைக்குழந்தைக்கு. 1945-இல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் ஹண்டர் காம்லி என்கிற மருத்துவர், பண்ணைக் கிணற்றுத் தண்ணீரில் பால் கலந்து கொடுக்கப்பட்ட பச்சைக் குழந்தைகள் நீலம் பாரித்து வந்ததைப் பார்த்து எழுதினார். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகிறது. ‘நீலக் குழந்தை நோய்’ என்று பெயர். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் கொடுங்கள் என்று டாக்டர்கள் படித்துப் படித்துச் சொல்வதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம். பச்சைக் குழந்தை, அதற்குப் பட்டிமன்றத்தில் பேசத் தெரியாது. அதனால் அதற்காக நாம் பேசுகிறோம்.

சரி, இதைக் கேட்டவுடனே ‘எல்லாம் அந்த விவசாயி பண்ற வேலை’ என்று தீர்ப்பு எழுதிவிடலாமா? நானும் ஒருநாள் எழுதினேன். எழுதி அவமானப்பட்டேன். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன்னால் சேலையூர்ப் பக்கம் சின்னதாக ஒரு வீடு கட்டினேன். வீட்டிலேயே கிணறு. ஒரு கோடையில் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். நைட்ரேட் எல்லையைத் தாண்டி நின்றது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. பரிசோதனை செய்த பையன், என்னிடம் படித்தவன் வயசுதான் இருக்கும், அவனிடம் ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். “பாருப்பா, இந்த விவசாயிங்க கண்டபடி உரத்தைக் கொட்டி, ஊர்த் தண்ணியையே கெடுத்துட்டாங்க” என்றேன். அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு கேட்டான்: “சார், உங்க வீட்டுக்குப் பக்கத்துல வயல் எங்கே சார் இருக்கு?”

யோசித்துப் பார்த்தேன். கண்ணுக்கு எட்டிய தூரம் மாடி வீடு. வயல் இல்லை.

“சரி சார், உங்க கிணத்துக்கும் செப்டிக் டேங்குக்கும் எத்தனை அடி சார்?”

“பதினெட்டு அடி...” என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சிரிக்கவும் இல்லை. அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. (பலத்த சிரிப்பு, கைதட்டல்)

ஆமாம் அய்யா! மனிதக் கழிவிலும் தழைச்சத்து இருக்கிறது. அதுவும் மண்ணுக்குள் போய் நைட்ரேட்டாகத்தான் மாறுகிறது. மாட்டுச் சாணம் புண்ணியம்தான். அதையும் கிணற்றோரம் மலையாகக் குவித்து மழையில் ஊறவிட்டால் அதே கதைதான். நம் புறநகரில் ஏரிகளிலே ஆகாயத்தாமரை பச்சைப் பாய் விரித்தது மாதிரி படர்கிறதே, அதற்குத் தீனி போட்டது யார்? பெரும்பாலும் நம் வீட்டுக் கழிவுநீர்! நாம் குளியலறைக் கதவைச் சாத்திவிட்டு விவசாயியின் கழனியைக் கை நீட்டிக் காட்டுகிறோம். அதனால் ஊர்க்காரர்களே, இந்த வழக்கில் நாம் சுத்தமான சாட்சி இல்லை. முதலில் இதை ஒப்புக்கொண்டு மேலே போவோம்.

இப்போது உழவனிடம் வருகிறேன். என் பெரியண்ணன் மதுராந்தகம் பக்கம் பயிர் வைக்கிறவர். ஒரு சம்பாவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். வரப்பில் யூரியா மூட்டை அடுக்கியிருந்தது. ஏக்கருக்கு நாலு மூட்டை. வேளாண்மைப் பல்கலைக்கழகம், காவிரி டெல்டா அல்லாத நம்ம பக்கத்துக்கு, குறுகிய கால நெல்லுக்குச் சொல்கிற கணக்கு ஏக்கருக்கு ஏறக்குறைய 50 கிலோ தழைச்சத்து. நீண்ட கால ரகத்துக்குக் கொஞ்சம் கூடும். ஐம்பது கிலோ என்பது 45 கிலோ மூட்டையில் இரண்டரை மூட்டைக்குள் அடங்கிவிடும். அண்ணனைக் கேட்டேன்:

“அண்ணே, எதுக்குண்ணே நாலு மூட்டை?”

“பக்கத்துக் கழனிக்காரன் பயிரு கரும்பச்சையா நிக்குது. என்னுது வெளுத்து நின்னா ஊர்ல என்னா பேசுவான்?”

பாருங்கள், உரத்திலும் கௌரவம்! (சிரிப்பு) “அப்புறம் மூட்டை எரநூத்தி அறுபத்தாறு ரூபாதானே தம்பி. குடும்பத்தோட ஒரு சினிமாவுக்குப் போனா அதைவிட ஜாஸ்தி ஆவுது” என்றார்.

இது யோசிக்க வேண்டிய இடம். யூரியா மூட்டைக்கு உழவன் கொடுப்பது 266 ரூபாய் 50 காசு. அடக்க விலை அதைப்போலப் பல மடங்கு. மீதியை அரசாங்கம் மானியமாகக் கட்டுகிறது. டி.ஏ.பி. மூட்டையோ 1350 ரூபாய். 1992 ஆகஸ்டில் மணிச்சத்து, சாம்பல்சத்து உரங்களின் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். யூரியாவுக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள். அன்றிலிருந்து என்ன ஆயிற்று? சாப்பாட்டு ஓட்டலில் சோறு மட்டும் இலவசம், குழம்பும் பொரியலும் யானை விலை என்றால் என்ன செய்வோம்? சோற்றையே அள்ளிச் சாப்பிடுவோம். உழவனும் யூரியாவையே அள்ளிப் போட்டான். மூன்று சத்தும் நாலுக்கு இரண்டுக்கு ஒன்று என்கிற கணக்கில் இருக்க வேண்டும் என்பார்கள். அடுத்த ஆண்டே நாட்டுக் கணக்கு ஒன்பதரைக்கு மூன்றுக்கு ஒன்று என்று கோணிக்கொண்டது. இது விவசாயி செய்த தப்பா? விலைச்சீட்டு செய்த தப்பு.

நான் விடவில்லை. “அண்ணே, ஒரு மூட்டையாவது குறைச்சுப் பாருங்களேன்” என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “குறைக்கிறேன் தம்பி. விளைச்சல் போச்சுன்னா நீ வந்து குடுப்பியா?”

எனக்குப் பதில் இல்லை. டாக்டர் பட்டம் வாங்கியவன், பேசியே பிழைப்பவன், பதில் இல்லை. நான்காவது மூட்டை அவருக்கு உரமே இல்லை அய்யா, அது ஒரு இன்ஷூரன்ஸ். பயத்துக்காகப் போடுகிற மூட்டை.

அந்தப் பயத்துக்கு என்ன கிடைத்தது? பயிர் கரும்பச்சையாகத் தழைத்தது. தழைத்த பயிரைப் பார்த்துவிட்டு இலைச்சுருட்டுப் புழு வந்தது. அடுத்துப் புகையான் வந்தது. பூச்சி மருந்து இரண்டு தடவை. ஐப்பசி மழையில் பயிர் சாய்ந்தது. சாய்ந்த நெல்லை அறுக்க மெஷினுக்குக் கூடுதல் மணி நேரம், கூடுதல் வாடகை. 266 ரூபாய் மூட்டை, பின்னாலேயே ஆயிரக்கணக்கில் செலவைக் கூட்டிக்கொண்டு வந்தது.

அடுத்த பட்டத்தில் அண்ணன் அரைக் காணியில் மட்டும் பரீட்சை பார்த்தார். வேளாண்மைத் துறையில் கொடுத்த இலை வண்ண அட்டையை வைத்துக்கொண்டார். பிளாஸ்டிக் பட்டையில் வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரை கட்டம் போட்டிருக்கும். நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, காலை வேளையில், வெயில் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, இலையை அட்டையோடு ஒப்பிட வேண்டும். பல ரகங்களுக்கு நாலாம் நம்பர் பச்சை, வெள்ளைப் பொன்னிக்கு மூன்றாம் நம்பர். அதற்குக் கீழே வெளுத்தால் மட்டும் உரம். இல்லாவிட்டால் வேண்டாம். குழந்தை அழுதால் பால் கொடுக்கிற தாய் மாதிரி! யூரியா ஐந்து பங்கு, ஜிப்சம் நாலு பங்கு, வேப்பம் புண்ணாக்கு ஒரு பங்கு கலந்து ஒரு ராத்திரி வைத்திருந்து போட்டார். சத்து மெல்ல மெல்ல இறங்கும். நடவுக்கு முன்னால் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார். மழை இருட்டிக்கொண்டு வந்தால் உர மூட்டையைத் தொடவில்லை.

அறுவடை முடிந்தது. “என்னண்ணே ஆச்சு?” என்று கேட்டேன். அண்ணன் சொன்ன பதிலை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. “விளைச்சல் ஒண்ணும் கூடலை தம்பி. ஆனா கடன் கூடலை.” (நீண்ட கைதட்டல்)

நெல் மூட்டை அதே எண்ணிக்கை. உரச் செலவு குறைவு, மருந்துச் செலவு குறைவு. அப்படியானால் வருமானம் எங்கே இருக்கிறது? முதல் இரண்டு மூட்டையில் இருக்கிறது. கடைசி மூட்டையில் இல்லை. அந்தக் கடைசி மூட்டை பயிருக்குப் போகவில்லை. பூச்சிக்கும் காற்றுக்கும் கிணற்றுக்கும் போனது.

தமிழாசிரியன் என்பதால் வள்ளுவரிடம் போகாமல் என்னால் தீர்ப்பு எழுத முடியாது. உழவு அதிகாரத்தில் அடுத்தடுத்து இரண்டு குறள் இருக்கிறது. ஒன்றிலே, ஒரு பலம் புழுதி கால் பலமாகக் குறைகிற அளவுக்கு மண்ணை உழுது காயவிட்டால் ஒரு பிடி எருகூட வேண்டாம் என்கிறார். சரி, எருவே வேண்டாம் என்கிற கட்சி போலிருக்கிறது என்று அடுத்த குறளுக்குப் போனால், ஏர் ஓட்டுவதைவிட எரு போடுவது நல்லது என்கிறார்! வள்ளுவரே இரண்டு அணியிலும் பேசுகிறாரே என்று நான் மாணவப் பருவத்தில் குழம்பியிருக்கிறேன். இன்றைக்குப் புரிகிறது. மண்ணைப் பக்குவப்படுத்து, அப்புறம் எரு எவ்வளவு தேவை என்று பார். எரு நல்லது, தேவைக்கு மேலே போட்டால் நல்லதில்லை. அந்த இரண்டாவது குறளை அவர் எருவோடு முடிக்கவில்லை. களை எடுத்த பிறகு, தண்ணீர் பாய்ச்சுவதையும்விடப் பயிரைக் காவல் காப்பது நல்லது என்று முடிக்கிறார். இன்றைக்கு அந்தக் காவலில் கிணற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நான் உரை எழுதுகிறேன்.

“அப்படியானால் உரத்தையே தடை செய்துவிடலாமே” என்று குடிநீர் அணியில் ஒரு தம்பி ஆவேசப்பட்டார். தம்பி, கொஞ்சம் பொறுங்கள். நமக்குப் பக்கத்திலேயே ஒரு தீவு இருக்கிறது. அந்த ஒரே தீவு இன்றைக்கு இரண்டு அணிக்கும் சாட்சி சொல்ல வந்திருக்கிறது.

இலங்கையில் 2021 மே மாதம், இரசாயன உர இறக்குமதியை ஒரே அரசாணையில் தடை செய்தார்கள். மாற்று ஏற்பாடு இல்லை, பழக அவகாசம் இல்லை. விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். நவம்பரில் தடையை விலக்கிக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது. அந்தப் பெரும்போகத்தில் நெல் விளைச்சல் சரிந்தது. அரிசியில் தன்னிறைவு கண்ட நாடு அரிசியை வெளியிலிருந்து வாங்கியது. இது வருமான அணிக்குச் சாட்சி.

அதே தீவின் வடக்கே நம் யாழ்ப்பாணம். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாடு. சுண்ணாம்புக் கல்லுக்குள்ளே தேங்குகிற மழைநீரைக் கிணறு தோண்டி எடுத்து, செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் போட்டுப் பெயர் வாங்கிய உழைப்பாளிகள். அந்தத் தோட்ட வருமானத்தில்தான் எத்தனையோ பிள்ளைகள் டாக்டர் ஆனார்கள், என்ஜினியர் ஆனார்கள். ஆனால் போட்ட உரமும், வீட்டு மலக்குழியில் இருந்து ஊறியதும், அதே சுண்ணாம்புக் கல் இடுக்கு வழியே இறங்கி, பல கிணறுகளில் நைட்ரேட் எல்லை மீறியது. கிணற்றைத் தவிர வேறு போக்கிடம் இல்லாத ஊரில் கிணறே கெட்டால் எங்கே போவது? இது குடிநீர் அணிக்குச் சாட்சி.

ஒரேயடியாகத் தடை செய்தால் சோறு போகும். கண்டுகொள்ளாமல் விட்டால் கிணறு போகும். நடுவில் வழி உண்டா?

உண்டு. ஜெர்மனியில் மியூனிக் என்று பெரிய நகரம். அந்த ஊர்க் குடிநீர் மாங்ஃபால் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. அங்கே மாடு வளர்த்து விவசாயம் செய்கிறவர்கள் நிறையப் பேர். 1992-இல் நகரத்தின் குடிநீர் நிறுவனம் ஒரு முடிவு எடுத்தது. தண்ணீர் கெட்ட பிறகு மெஷின் வைத்துச் சுத்தம் செய்வதைவிட, கெடாமல் பார்த்துக்கொள்வது மேல். விவசாயிகளைக் கூப்பிட்டு, ‘இரசாயன உரம் இல்லாத சாகுபடிக்கு மாறுங்கள், மாறுவதால் வருகிற நஷ்டத்துக்கு ஹெக்டேருக்கு இவ்வளவு என்று நாங்கள் பணம் தருகிறோம்’ என்று ஒப்பந்தம் போட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு நல்ல தண்ணீர். உழவனுக்கு நஷ்டம் இல்லை. என் அண்ணன் கேட்டாரே, ‘விளைச்சல் போச்சுன்னா நீ வந்து குடுப்பியா’ என்று, அந்தக் கேள்விக்கு மியூனிக் நகரம் ‘கொடுக்கிறேன்’ என்று பதில் சொல்லியிருக்கிறது. (கைதட்டல்)

நமக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? தாம்பரத்துக் குழாயில் வருகிற பாலாற்றுத் தண்ணீர் எங்கே எடுத்தது? செங்கல்பட்டுப் பக்கத்து ஆற்றுப் படுகையில். அந்த ஆற்றின் இரண்டு கரையிலும் கழனிதான். 2004-லிருந்து சென்னைக்கு ராட்சதக் குழாயில் வருகிற வீராணம் தண்ணீர், கடலூர் மாவட்டத்துக் கழனிகளுக்கு நடுவே கிடக்கிற ஏரியின் தண்ணீர். கோடையில் நம் தெருவுக்கு வருகிற லாரித் தண்ணீர் எந்தக் கிணறு? பெரும்பாலும் யாரோ ஒரு விவசாயியின் வயற்கிணறு. லாரிக்காரருக்குக் காசு கொடுக்கிறோம். பாட்டில்காரருக்குக் கொடுக்கிறோம். வடிகட்டுகிற மெஷினுக்குக் கொடுக்கிறோம். அந்தத் தண்ணீரை முதலில் நல்லதாக வைத்திருக்க வேண்டிய விவசாயிக்கு என்ன கொடுத்தோம்? புத்திமதி கொடுத்தோம்! (சிரிப்பு, கைதட்டல்)

இன்னும் ஒன்று சொல்லி முடித்துவிடுகிறேன். முடிச்சூர், மண்ணிவாக்கம், மாடம்பாக்கம், பெரும்பாக்கம் என்று நம்மைச் சுற்றி இருக்கிற ஊர்ப் பெயரெல்லாம் ஒரு காலத்தில் ஏரியும் கழனியுமாக இருந்த பெயர்கள். அந்தக் கழனி எல்லாம் எங்கே போனது? விவசாயம் கட்டுப்படி ஆகவில்லை. கல் நட்டார்கள். மனை ஆயிற்று. ஒரு ஏக்கர் கழனியில் பாதை போகப் பன்னிரண்டு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதாளச் சாக்கடை வராத தெருவாக இருந்தால் பன்னிரண்டு செப்டிக் டேங்க். பன்னிரண்டு ஆழ்துளைக் கிணறு. மழைநீர் இறங்குகிற வழியைச் சிமெண்ட் போட்டு அடைத்துவிட்டோம். யூரியா போனது, நைட்ரேட் போகவில்லை!

ஆகவே குடிநீர் அணியினரே, நீங்கள் கவனிக்க வேண்டியது இது. உழவன் நஷ்டப்பட்டு நிலத்தை விற்றால் உங்கள் கிணறு சுத்தமாகாது, இன்னும் கெடும். வரப்பு கட்டி மழையைத் தேக்கி ஊருக்கு ஊற்று கொடுக்கிற காவல்காரன் அவன். அவன் பிழைத்தால்தான் உங்கள் தண்ணீர் பிழைக்கும். வருமான அணியினரே, நீங்கள் கவனிக்க வேண்டியது இது. அந்தக் கெட்ட தண்ணீரை முதலில் குடிப்பது யார்? தாம்பரத்துக்காரன் பாட்டில் வாங்குவான். கழனி ஓரத்தில் வீடு கட்டியிருக்கிற உழவன் வீட்டுப் பேரக்குழந்தைதான் அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கும்.

இனித் தீர்ப்பு.

உயிர் என்று வந்தால் வருமானம் இரண்டாவதுதான். பச்சைக் குழந்தையின் ரத்தத்தோடு பேரம் பேச முடியாது. ஆகவே ‘ஊரார் குடிநீரே பெரிது’ என்று வாதாடிய அணி வென்றது என்று தீர்ப்பளிக்கிறேன்! (கைதட்டல்)

இருங்கள், இருங்கள். கை தட்டிவிட்டு எழுந்து போய்விடாதீர்கள். நீதிமன்றத்தில் தோற்றவர்தான் வழக்குச் செலவைக் கட்டுவார். இந்த மன்றத்தில் ஜெயித்தவர்கள் கட்ட வேண்டும்! (சிரிப்பு) என்ன செலவு? ஒன்று, கிணற்றுக்கும் செப்டிக் டேங்குக்கும் எத்தனை அடி என்று இன்றைக்கு ராத்திரியே வீட்டுக்குப் போய் அளந்து பார்ப்பது. பாதாளச் சாக்கடை வந்தால் ‘டெபாசிட் அதிகம்’ என்று சொல்லாமல் இணைப்பு வாங்குவது. நான் முதல் ஆளாக அளந்து வெட்கப்பட்டவன் என்பதால் சொல்கிறேன். இரண்டு, யூரியாவுக்குக் கொட்டுகிற மானியத்தில் ஒரு பங்கையாவது, உரத்தை அளந்து போடுகிற உழவன் கைக்கே கொடுங்கள் என்று அரசாங்கத்திடம் கேட்பது. மூன்று, அளவாக உரம் போட்டு விளைந்த அரிசிக்கும் கீரைக்கும் இரண்டு ரூபாய் கூடக் கொடுக்கக் கணக்குப் பார்க்காமல் இருப்பது.

தோற்ற அணிக்கு ஒரே ஒரு தண்டனை. அந்தக் கடைசி மூட்டையைப் பிரிக்காமல் ஒரு பட்டம், அரைக் காணியில் மட்டும், அட்டையை வைத்துக்கொண்டு பரீட்சை பாருங்கள். என் அண்ணன் பார்த்தார். கடன் கூடவில்லை.

அடுத்த முறை இதே தாம்பரத்தில் நான் பேச வந்தால், எனக்குப் பாட்டில் வேண்டாம் அய்யா. ஒரு சொம்பு கிணற்றுத் தண்ணீர் கொண்டு வந்து வையுங்கள். மூடியைத் திருகிச் சத்தம் கேட்காமல், நம்பி எடுத்துக் குடிக்கிறேன்.



(நீண்ட கைதட்டல்)